நூற்றிருபத்தொன்பது ஓட்டு

நம் நாட்டில் கவர்னர் என்பவர் டில்லியிலிருந்து நியமனம் பெற்று வருகிறவர். அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலத்தின் கவர்னரையும் அம்மாநிலத்துப் பிரஜைகளே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரையே சார்கிறது. அத்தகைய ஸ்தானத்துக்கு நடக்கும் தேர்தல் இழுபறியில் முடியுமானால் ஜனங்களின் மனம் எப்படியெல்லாம் அலைக்கழிக்கப்படும் என்பதற்கு, 2004-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

நவம்பர் 2-ஆம் தேதி அங்கே ஏறக்குறைய 28 லட்சம் பேர் ஓட்டளித்தார்கள். ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் கிறிஸ்டீன் கிரகோயர்; குடியரசுக் கட்சியின் அபேட்சகர் டீனோ ரோஸி. முதல் எண்ணிக்கையில் ரோஸி 261 ஓட்டு முந்தினார். சட்டப்படி இயந்திரங்கள் மறுபடி எண்ணியபோது அது 42 ஆகச் சுருங்கியது. ஜனநாயகக் கட்சியார் 7,30,000 டாலர் முன்பணம் கட்டி, ஒவ்வொரு சீட்டையும் கையால் எண்ணச் செய்தபோது, கிரகோயர் 129 ஓட்டு முந்திவிட்டார். நவம்பரில் ஜயகோஷம் செய்தவர்கள் டிசம்பரில் ஆத்திரம் கொண்டதும், நவம்பரில் சோர்ந்து கிடந்தவர்கள் டிசம்பரில் எண்ணிக்கையின் பரிசுத்தத்தைப் போற்றத் தொடங்கியதும் மனித சுபாவமேயன்றி வேறல்ல.

எண்ணிக்கையைப் பற்றி ரோஸியின் ஆதரவாளர்கள் கொண்ட சந்தேகத்தை வெறும் கட்சிப் பற்று என்று ஒதுக்கிவிட இயலாது. ஸியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில், தபால் மூலம் வந்த ஓட்டுகளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை, ஓட்டாளரின் கையெழுத்து கணிப்பொறியில் அகப்படவில்லை என்ற ஒரே காரணத்தால், பழைய காகிதப் பதிவுகளைப் புரட்டிக்கூடப் பாராமல் தவறாகத் தள்ளப்பட்டிருந்தன. அக்கவுண்டியின் சபை அங்கத்தினர் லாரி பிலிப்ஸ் தம்முடைய ஓட்டே அப்படித் தள்ளப்பட்டிருப்பதைக் கண்டபோதுதான் அந்தப் பிழை அம்பலமாயிற்று. அவற்றை எண்ணலாம் என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே டிசம்பரில் உக்ரைன் தேசத்தில் மறுதேர்தல் நடந்துகொண்டிருந்தபடியால், வாஷிங்டனிலும் மறுதேர்தல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு முன்மாதிரி தேடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தக் கோரிக்கை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, 2005 ஜனவரியில் கிரகோயர் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்.

தேர்தல் முடிவை எதிர்த்து ரோஸி தரப்பார் தொடுத்த வழக்கு வெனாச்சி என்ற ஊரின் நியாயஸ்தலத்துக்குச் சென்றது. ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் அளித்த தீர்ப்பில், சட்டவிரோதமாக அளிக்கப்பட்டவை 1,678 ஓட்டுகள் என்று கண்டார். குற்றத் தண்டனையால் ஓட்டுரிமை இழந்து, அதைத் திரும்பப் பெறாதவர்கள் போட்டவையே அவற்றில் பெரும்பாலானவை. வித்தியாசத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட செல்லாத ஓட்டுகள் இருந்தும் அவர் தேர்தலை ரத்து செய்யவில்லை. ஒரு சிலவற்றைத் தவிர, அந்த ஓட்டுகள் யாருக்கு விழுந்தன என்பதை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. அந்தந்த வட்டாரத்து விகிதாசாரப்படி கழித்துவிடலாம் என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. பிரஜையை அதிகாரத்தின் மிரட்டலிலிருந்து காக்கும் பொருட்டு ஏற்பட்ட இரகசிய ஓட்டு முறையே, பெட்டிக்குள் கலந்துவிட்ட பிழையைப் பிறகு பிரித்தெடுக்க இயலாதபடியும் செய்துவிடுகிறது. ஜனநாயகத்தின் இந்தத் தர்மசங்கடத்துக்கு எந்த நியாயஸ்தலத்திலும் பரிகாரம் இல்லை.

மாநில உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாய்வு தமக்கு அனுகூலமாக இல்லை என்று குறை கூறிக்கொண்டேயாயினும், ரோஸி மேல்முறையீடு செய்யாமல் வழக்கை அன்றே முடித்துக்கொண்டார்.

இத்தகைய பிழைகள் அந்த ஒரு தேர்தலில் மட்டும் நிகழ்ந்தன என்று எண்ணுவது பேதைமை. விறகு நிறுக்கும் தராசில் பொன்னை நிறுக்க நேரும்போதுதான் அதன் கோளாறு தெரிகிறது. லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் முடியும் தேர்தலிலும் அதே கோளாறு இருக்கத்தான் செய்கிறது, கேட்பார்தான் இல்லை. 2008-ல் அதே இருவரும் மறுபடி மோதியபோது கிரகோயர் 1,90,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். எண்ணிக்கையைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஓட்டாளர் பட்டியலின் சுத்தத்தையும் எண்ணுவோரின் கவனத்தையும் பற்றிய அக்கறை, தோற்ற பிறகு பிறக்கும் கோபமாக இல்லாமல், தேர்தலுக்கு முன்பே பிரஜைகள் செலுத்தும் கடமையாக இருக்கவேண்டும். அப்போதுதான் தோற்றவரும் முடிவை நம்புவார்.