முகம் பாராமல் ஓர் ஆட்டம்!

ஒரு மேஜை. சுற்றிலும் ஐந்து பேர். கையில் காகிதமும் பென்சிலும். நடுவில் சில பகடைகள். சாமான்கள் அவ்வளவுதான்! ஆனால், பொழுது சாய்ந்தால் அந்த ஐவரும் பாழடைந்த கோட்டைக்குள் நுழைவார்கள், பூதங்களோடு மோதுவார்கள், புதையல் எடுப்பார்கள். எல்லாம் வாய்ப் பேச்சிலேயே!

இந்த விந்தையான விளையாட்டின் பெயர் "டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்". பாதாளச் சிறைகளும் நெருப்பைக் கக்கும் நாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்காவில் 1974-ம் ஆண்டு வெளிவந்தது. மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டி. விலை 10 டாலர். முதலில் அச்சானவை 1,000 பெட்டிகளே. இன்று இதை விளையாடாத கண்டம் இல்லை எனலாம்.

சூத்திரதாரியின் கண்கள்

ஐவரில் ஒருவர் சூத்திரதாரி. கதையை நடத்துகிறவர் அவர்தான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு வேஷம் ஏற்பார்கள். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கைதேர்ந்த திருடர்.

"எதிரே இரும்புக் கதவு. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார் சூத்திரதாரி.

"பூட்டைத் திறக்கிறேன்" என்பார் திருடர்.

உடனே 20 முகங்கள் கொண்ட பகடை உருளும். 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பூட்டு திறக்கும் என்று வைத்துக் கொள்வோம். இருபதில் ஆறு வாய்ப்புதான் உண்டு. விழாவிட்டால், கதையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அங்கேதான் சூத்திரதாரியின் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்தச் சாமர்த்தியத்துக்குக் கண்களே துணை. ஒருவர் கொட்டாவி விட்டால், கதையில் கொள்ளைக்காரர்கள் பாய்வார்கள். இன்னொருவர் ஏதோ சொல்ல வாயெடுத்துத் தயங்கினால், சூத்திரதாரி அவர் பக்கம் திரும்புவார். எதிரே முகங்களே இல்லாவிட்டால்?

கதவுகள் சாத்திய வருஷம்

2020-ம் ஆண்டு அந்தக் கேள்வி எழுந்தது. மார்ச் 11-ந் தேதி, கொரோனா உலகம் தழுவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. வீட்டுக் கதவுகள் அடைபட்டன. வாரந்தோறும் மேஜையைச் சுற்றிக் கூடிய நண்பர்கள், தங்கள் தங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். எத்தனையோ சூத்திரதாரிகள் முதல் முறையாக இன்டர்நெட்டில் கதை நடத்தத் துணிந்தார்கள்.

அதற்கான வசதி முன்பே தயாராக இருந்தது. கான்ஸாஸ் சர்வகலாசாலையில் ஒரே அறையில் தங்கியிருந்த மூன்று நண்பர்கள், படிப்பு முடிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்தார்கள். ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்ற ஆசையில் அவர்கள் அமைத்ததே "ரோல்20". 2012-ல் பொதுமக்களுக்கு வந்தது. கோட்டையின் படம் திரையில் தெரியும். பகடையைக் கம்ப்யூட்டரே உருட்டும். விழுந்த எண்ணை எல்லோரும் பார்க்கலாம்.

முதல் நாள் தொல்லைகள்

வசதி இருந்தும் முதல் நாள் சுலபமாகப் போவதில்லை. இருவர் சேர்ந்து பேசினால் ஒருவர் பேச்சும் விளங்காது. பிறகு இருவரும் சேர்ந்து மௌனமாகி விடுவார்கள்! நேரில் மௌனம் என்றால் யோசனை என்று தெரியும். திரையில்? யோசிக்கிறாரா, இணைப்பு அறுந்ததா, எழுந்தே போய்விட்டாரா என்று புரியாது. கூச்சமுள்ள ஆட்டக்காரர் இருக்கிற இடமே தெரியாமல் போய்விடுவார்.

பரிகாரம் எளிது. "மந்திரவாதியாரே, உங்கள் கையில் விளக்கு இருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று பெயர் சொல்லி, முறை வைத்துக் கேட்க வேண்டும். கண் செய்த வேலையை இப்போது காதும் வாயும் செய்கின்றன.

இன்னொரு தொல்லை, ஆர்வக் கோளாறு. வாரம் முழுவதும் விழித்து, அறை அறையாகக் கோட்டையை வரைந்து வைப்பார் சூத்திரதாரி. ஆட்டக்காரர்களோ, "கோட்டை வேண்டாம், காட்டுக்குப் போகலாம்" என்பார்கள்! முதல் நாளைக்கு ஒரு படம், ஒரு சண்டை, ஒரு மர்மம் போதும். முந்தின நாளே அரை மணி நேரம் ஒத்திகை பார்த்து, ஒலியையும் படத்தையும் சரி செய்துகொள்வது நல்லது. திரையைப் பார்த்துக் கண் களைத்துவிடும். ஆகவே, நேரில் நாலு மணி நேரம் ஆடியவர்கள் இங்கே இரண்டரையில் நிறுத்தலாம்.

லாபமும் உண்டு

விளக்கு வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் திரையில் காட்டி, மற்றதை இருளில் மறைக்கலாம். "உங்களில் ஒருவன் துரோகி" என்று ஒருவருக்கு மட்டும் ரகசியமாக எழுதி அனுப்பலாம். மேஜையில் குசுகுசுத்தால் எல்லோருக்கும் சந்தேகம் வருமே!

எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், வேலைக்காகவும் கல்யாணத்துக்காகவும் தூர தேசம் போய்விட்ட பழைய சிநேகிதர் மீண்டும் கூட்டத்தில் சேர முடிவது. கதவுகள் திறந்த பிறகும் பல குழுக்கள் திரையை விடாததற்கு இதுவே காரணம்.

இந்த ஆட்டத்துக்குத் தூரம் புதிதும் அல்ல. இதைப் படைத்த இருவரில் கேரி கைகாக்ஸ் விஸ்கான்ஸின் ராஜ்யத்து லேக் ஜெனீவா ஊர்க்காரர். டேவ் ஆர்னெஸன் மின்னஸோட்டா ராஜ்யத்தவர். நடுவே நூற்றுக்கணக்கான மைல்கள். தபாலிலும் டெலிபோனிலும் கலந்து பேசித்தான் விதிகளை உருவாக்கினார்கள்.

முதல் ஆட்டம் தேறியதா என்று அறியப் புதையலை எண்ண வேண்டியதில்லை. ஒலி விட்டுவிட்டுக் கேட்டிருக்கலாம்; படம் நடுவில் நின்றிருக்கலாம். "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், சூத்திரதாரி ஜெயித்துவிட்டார்!