கொதித்தாலும் போகாத நஞ்சு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் கேரள எல்லைக்குள் நுழைந்ததும் வரும் சிற்றூர் மீனாட்சிபுரம். தமிழகத்திலிருந்து வரும் பாலைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கேரளப் பால்வளத் துறை இங்கே ஒரு சோதனைச் சாவடி வைத்திருக்கிறது. பாலுக்குச் சோதனை உண்டு. அந்தச் சாவடியைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்கள் அன்றாடம் குடிக்கும் கிணற்று நீருக்கு? நாமாகக் கேட்டால்தான் உண்டு!

இது வீண் பயமல்ல. மீனாட்சிபுரத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பெருமாட்டி ஊராட்சியில்தான் பிளாச்சிமடை இருக்கிறது.

கிணறு கெட்ட கதை

2000-ம் ஆண்டில் பிளாச்சிமடையில் கோகோ-கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளிலேயே கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்றும், மிஞ்சிய நீர் சமையலுக்குக்கூட உதவவில்லை என்றும் சுற்றுப்புற மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் அறப்போராட்டம் தொடங்கிற்று. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முன்னணியில் நின்றார்.

ஆலையின் கழிவுச் சகதி, உரம் என்ற பெயரில் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2003-ல் பி.பி.சி. வானொலி அதன் மாதிரியை இங்கிலாந்தில் சோதிக்கச் செய்தபோது, காரீயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது. தீங்கு ஏதுமில்லை என்று கம்பெனி மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010-ல் நஷ்டத்தை 216 கோடி 26 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டது. நஷ்டஈட்டுக்காக 2011-ல் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆலையைத் திறக்கும் எண்ணமில்லை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனி சொல்லிவிட்டது.

ஆலையை ஒரே நாளில் பூட்டிவிடலாம். மண்ணில் இறங்கிய உலோகத்தை அப்படி வெளியேற்ற முடியாது.

அழியா ரசாயனங்கள்

உலோகத்தைப் போலவே நிலைத்து நிற்கும் இன்னொரு வகையைப் பற்றி இப்போது உலகெங்கும் பேச்சு. 'பி.எஃப்.ஏ.எஸ்.' எனப்படும் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் அவை. ஒட்டாத வாணலி, நனையாத துணி, தீயணைக்கும் நுரை ஆகியவற்றில் பயன்படுபவை. கரியணுவும் ஃப்ளூரின் அணுவும் இறுகப் பிணைந்திருப்பதால் வெயிலோ மழையோ கிருமியோ இவற்றை எளிதில் சிதைப்பதில்லை. இவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. குடிநீரில் லட்சம் கோடியில் 4 பங்குக்கு மேல் அது கூடாது என 2024-ல் அமெரிக்கா விதித்தது. சென்னையில் அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் நீரில் இவ்வகை ரசாயனங்கள் இருப்பதை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகள் சாகும். அந்தப் பழக்கத்தை விடவே கூடாது. ஆனால் காரீயமும் காட்மியமும் ஃப்ளூரைடும் அழியா ரசாயனங்களும் கொதியில் போவதில்லை. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்!

முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கள். கேரள நீர் ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். லைன் வீடுகளில் இருப்பவர்கள் பத்துக் குடும்பமாகச் சேர்ந்தால் செலவு பெரிதாகத் தெரியாது. கடினத்தன்மை, ஃப்ளூரைடு, நைட்ரேட், காரீயம், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் பாறையிலிருந்தே ஃப்ளூரைடு நீரில் கரைகிறது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்குக் காரீயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, ஃப்ளூரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். அழியா ரசாயனங்களைச் சாதாரணச் சோதனை காட்டாது.

கிணற்று நீர் சரியில்லை என்று தெரிந்தால் ஊராட்சிக் குழாய் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் கிணற்று நீர் போதும். குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கும் நீரில் தனிக் கவனம் வேண்டும்.

மெழுகுவத்தி போன்ற கேண்டில் ஃபில்டர் சேற்றையும் கிருமியையும் பிடிக்கும். கரைந்துள்ள உலோகத்தைப் பிடிக்காது. ஆர்.ஓ. கருவி உலோகத்தையும் அழியா ரசாயனத்தையும் பெருமளவு குறைக்கும். கரி ஃபில்டர் பின்னதைக் குறைக்கும். எதுவானாலும் உள்ளே இருக்கும் பாகத்தைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும். ஆர்.ஓ. வெளியேற்றும் நீரைக் குடிக்காதீர்கள், தரை கழுவுங்கள்.

ஒட்டாத வாணலியில் பூச்சு உரிந்துவிட்டால் கழித்துவிடுங்கள். இரும்புத் தோசைக்கல்லும் மண்சட்டியும் எந்த நாளும் நமக்குக் கைகொடுப்பவை. ஆலைச் சகதியை இலவச உரம் என்று யார் தந்தாலும் வயலில் கொட்டாதீர்கள்.

தமிழிலேயே எழுதலாம்

வாடகைக்கு இருப்பவன் என்ன கேட்க முடியும் என்று நம்மவர் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். சோதனைச் சீட்டு கையில் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம்; வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிராம சபையிலும் எழுந்து பேசலாம். மலையாளம் எழுதத் தெரியவில்லையே என்ற தயக்கமும் வேண்டாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது.

பிளாச்சிமடையில் முதலில் வாய் திறந்தவர்கள் படித்தவர்களும் அல்ல, பணக்காரர்களும் அல்ல. குடத்தோடு கிணற்றடிக்குப் போன பெண்கள்தான்.