பங்கின் விலையும் நிறுவனத்தின் பெறுமதியும்

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு கடையை விலைக்கு வாங்க முன்வரும் வியாபாரி, அதன் பெயர்ப்பலகையின் அழகைப் பார்த்து விலை பேசுவதில்லை. நாளாந்த விற்பனை எவ்வளவு, கையிருப்பிலுள்ள சரக்கு எவ்வளவு, கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு, மாத முடிவில் மிஞ்சுவது எவ்வளவு என்று விசாரிப்பார். போட்ட முதல் எத்தனை வருடங்களில் திரும்பும் என்பதைக் கணக்கிட்ட பின்னரே முற்பணம் கொடுப்பார். இந்த எளிய கணக்கை உலகின் பெரும் பங்குச் சந்தைகள் காலத்துக்குக் காலம் மறந்து வந்துள்ளன.

1999 மே மாதத்தில் அமெரிக்காவில் இணையத்தின் மூலம் விளையாட்டுப் பொருட்களை விற்ற ஈடொய்ஸ் என்ற நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 20 டொலருக்கு வழங்கப்பட்ட அதன் பங்கு முதல் நாளிலேயே 76 டொலரைத் தாண்டியது. அதன் முந்திய ஆண்டு விற்பனை சுமார் 3 கோடி டொலர் மாத்திரமே. அதுவும் நஷ்டத்தில் நடந்த விற்பனை. அதே பொருட்களை நூற்றுக்கணக்கான கடைகளில் ஆண்டுக்கு 1,100 கோடி டொலருக்கு மேல் விற்ற டொய்ஸ் ஆர் அஸ் நிறுவனத்தை விட, அந்தப் புதிய நிறுவனத்துக்கே சந்தை அன்று கூடிய மதிப்பை வழங்கியது. இரண்டு ஆண்டுகள் நிறைவடையும் முன்னரே, 2001 மார்ச்சில், ஈடொய்ஸ் வங்குரோத்தாகியது.

இது எவ்வாறு நிகழ்கிறது? கடைத்தொகுதிகளின் இலாபம் நேற்றைய கணக்கிலிருந்து மதிப்பிடப்படுகிறது. தொழில்நுட்ப நிறுவனங்களின் இலாபமோ நாளைய கற்பனையிலிருந்து மதிப்பிடப்படுகிறது. கடைக்குக் கட்டடம், களஞ்சியம், ஊழியர் என்று எல்லை உண்டு. கற்பனைக்கு எல்லை இல்லை. மேலும், ஆரம்பத்தில் மொத்தப் பங்குகளில் ஒரு சிறு பகுதியே பெரும்பாலும் விற்பனைக்கு விடப்படுகின்றது. அந்தச் சில பங்குகளுக்குப் பலர் போட்டியிடும்போது உயரும் விலையைக் கொண்டே முழு நிறுவனத்தினதும் மதிப்பு பெருக்கிச் சொல்லப்படுகின்றது.

அயல்நாடான இந்தியாவிலும் இதனைக் கண்டோம். 2021 ஜூலையில் சந்தைக்கு வந்த சொமாட்டோ, முந்திய நிதியாண்டில் 800 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் நஷ்டமடைந்திருந்தும், முதல் நாளிலேயே ஓர் இலட்சம் கோடி ரூபா மதிப்பைத் தொட்டது. அதே ஆண்டு நவம்பரில் 2,150 ரூபாவுக்கு வழங்கப்பட்ட பேடிஎம் பங்கு முதல் நாளிலேயே 27 சதவீதம் சரிந்தது; ஓராண்டின் பின்னர் 500 ரூபாவுக்கும் கீழே சென்றது.

இதனால் தொழில்நுட்பமே ஏமாற்று என்று முடிவு செய்வது தவறாகும். 1999 இல் 100 டொலரைத் தாண்டியிருந்த அமேசன் பங்கு 2001 இல் 10 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. எனினும் 2003 இல் முதன்முறையாக முழு ஆண்டு இலாபத்தைக் கண்ட அந்நிறுவனம் பின்னர் உலகை வியக்க வைத்தது. சொமாட்டோவும் 2023-24 இல் இலாபத்துக்குத் திரும்பியது. மறுபுறம், பழைய கடைகள் யாவும் பாதுகாப்பானவை என்றும் கூற முடியாது. 2005 இல் பெருங்கடன் பெற்று விலைக்கு வாங்கப்பட்ட டொய்ஸ் ஆர் அஸ், அக்கடனின் வட்டிச் சுமையைத் தாங்க மாட்டாது 2017 இல் வங்குரோத்தாகியது. ஒன்றைக் கற்பனை விலை வீழ்த்தியது. மற்றொன்றைக் கடன் வீழ்த்தியது.

எமது முஸ்லிம் வாசகர்கள் இங்கு விசேடமாகக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஷரீஆ அடிப்படையில் தெரிவு செய்யப்படும் பங்குப் பட்டியல்கள், நிறுவனத்தின் தொழில் ஹலாலானதா, அதன் வட்டிக் கடன் குறித்த எல்லைக்குள் உள்ளதா என்பவற்றையே பார்க்கின்றன. பங்கின் விலை நியாயமானதா என்பதை அவை கூறுவதில்லை. இலாபத்திலும் நஷ்டத்திலும் பங்கேற்பதே முஷாரகா. நிறுவனம் என்ன செய்கிறது என்பதையே அறியாமல், நாளை வேறொருவர் கூடிய விலைக்கு வாங்குவார் என்ற ஒரே நம்பிக்கையில் பணத்தைப் போடுவது சூதாட்டத்தின் வாசலில் நிற்பதற்கு ஒப்பானதாகும். ஹலால் என்ற முத்திரை அந்த அறியாமைக்குப் பரிகாரமாகாது.

2022 ஜனவரியில் கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000 புள்ளிகளைக் கடந்தபோது அதனை நம்பி நுழைந்தவர்கள் பலர். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்தியதாக அறிவித்ததும் சந்தையே ஒரு வாரம் மூடப்பட்டது. கைத்தொலைபேசி மூலம் சில நிமிடங்களில் பங்கு வாங்கலாம் என்ற வசதி இன்று எமது இளைஞர்களின் கையிலும் உள்ளது. அவர்களிற் பலர் முதலிடும் பணமோ பாலைவன வெயிலில் உழைத்த தந்தையினதோ சகோதரனதோ வியர்வையாகும்.

எனவே, பங்கொன்றை வாங்குமுன் அந்நிறுவனத்தின் வருடாந்த அறிக்கையைப் பார்ப்பதும், ஒரு பங்குக்கான இலாபத்தை அதன் விலையோடு ஒப்பிடுவதும், கடனின் அளவை அறிவதும் அவசியமாகும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் எமது பாடசாலைகளின் வணிகப் பிரிவு ஆசிரியர்களும் இவ்வறிவை ஊரெங்கும் பரப்ப முன்வர வேண்டும்.