பேதுருவின் கல்லறையும் எலும்புகளும்

திருத்தூதர்களான பேதுரு, பவுல் பெருவிழா நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் ஒரு கேள்வி வந்து சேரும். "சாமி, உரோமையில் இராயப்பருடைய எலும்பு இருக்கிறதாமே, அது உண்மைதானா?" (பெரியவர்கள் இன்னும் இராயப்பர் என்றே சொல்கிறார்கள், கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.) ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் திருஅவையே இதற்கு ஒரே சொல்லில் பதில் சொன்னதில்லை.

1939 பிப்ரவரியில் திருத்தந்தை 11ஆம் பயஸ் இறந்தார். அவரை அடக்கம் செய்ய புனித பேதுரு பெருங்கோவிலின் கீழ்த்தளத்தைச் சீரமைத்தபோது, தரைக்கடியில் பழைய உரோமையர் கல்லறைகள் தென்பட்டன. அடுத்து வந்த திருத்தந்தை 12ஆம் பயஸ் அகழாய்வுக்கு அனுமதி அளித்தார். வெளியே உலகப்போர் நடந்துகொண்டிருக்க, பீடத்திற்குக் கீழே அமைதியாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே வெளிப்பட்டது ஒரு முழுக் கல்லறைத் தெரு. செல்வர்களின் குடும்பக் கல்லறைகள் வீடுகளைப்போல வரிசையாக நின்றன. நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் இவற்றையெல்லாம் மண்ணால் நிரப்பி, குன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, மறுபக்கத்தை உயர்த்தி அங்கே கோவில் கட்டினார். கல்லறையைக் குலைப்பது உரோமைச் சட்டத்தில் பெருங்குற்றம். பக்கத்திலேயே சமமான நிலமும் இருந்தது. பிறகு ஏன் இவ்வளவு பாடு? பீடம் அந்த ஓர் இடத்தில்தான் அமைய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில் 160ஆம் ஆண்டளவில் எழுப்பிய சிறு நினைவுச் சின்னமும் கிடைத்தது. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த காயுஸ் என்ற உரோமைக் குரு, வத்திக்கான் குன்றில் திருத்தூதரின் நினைவுச் சின்னத்தைத் தம்மால் காட்ட முடியும் என்று எழுதியிருந்ததை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் குறித்து வைத்திருக்கிறார். எழுத்தும் மண்ணும் இங்கே ஒத்துப்போகின்றன.

1950 டிசம்பர் 23 அன்று 12ஆம் பயஸ் வானொலியில் பேசினார். திருத்தூதரின் கல்லறை கிடைத்துவிட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்றார். எலும்புகள்? கல்லறையின் ஓரத்தில் மனித எலும்புகள் கிடைத்தன, ஆனால் அவை பேதுருவுடையவை என்று உறுதியாக நிரூபிக்க முடியாது என்றார். உலகமே ஆவலோடு காத்திருந்த நேரத்தில் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். பின்னர் மானிடவியல் பேராசிரியர் வெனெராந்தோ கொரெந்தி அந்த எலும்புகளைப் பரிசோதித்தபோது, அவை ஒரே மனிதருடையவை அல்ல என்றும், விலங்குகளின் எலும்புகளும் கலந்திருக்கின்றன என்றும் தெரிந்தது. அன்று திருத்தந்தை அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்று பேசப்படுபவை வேறு எலும்புகள். நினைவுச் சின்னத்தை ஒட்டிய சுவரில் சலவைக்கல் பதித்த ஒரு குழி இருந்தது. அதிலிருந்து எடுக்கப்பட்டு ஒரு மரப்பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்த எலும்புகளைக் கல்வெட்டு அறிஞர் மார்கெரித்தா குவார்துச்சி கவனத்திற்குக் கொண்டுவந்தார். அவை அறுபது, எழுபது வயதுள்ள உறுதியான உடல்கட்டு கொண்ட ஓர் ஆணுடையவை என்றார் கொரெந்தி. பொன்னிழை கலந்த ஊதாத் துணியின் சிதைவுகளும் அவற்றோடு இருந்தன. பேதுரு முதுமையில் மடிவார் என்று ஆண்டவர் முன்னுரைத்தது நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் முதுமையில் இறந்தவர் உரோமையில் பேதுரு ஒருவர் மட்டுமா?

சிக்கல் இன்னொன்றும் உண்டு. அகழாய்வு செய்த அறிஞர்களுக்குத் தெரியாமலேயே அந்த எலும்புகள் குழியிலிருந்து அகற்றப்பட்டிருந்தன. குழிக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்புக்கு முக்கிய ஆதாரம் ஒரு பணியாளரின் சாட்சியம். நிலப் பத்திரத்தில் நடுவில் ஒரு கைமாற்றம் பதிவாகாமல் போனால் வில்லங்கம் வருமே, அப்படித்தான். அகழாய்வுக் குழுவில் இருந்த இயேசு சபை அருள்பணியாளர் அந்தோனியோ ஃபெருவா இந்த எலும்புகளை ஏற்கவேயில்லை. 2003இல் தம் 102ஆம் வயதில் இறக்கும்வரை அவர் குருவாகவே வாழ்ந்தார். அவருடைய ஐயத்தை யாரும் நம்பிக்கைக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. வெறுமையாய் இருந்த ஒரு கல்லறையின் செய்தியில் தொடங்கியது நமது விசுவாசம். எலும்பு கிடைத்ததால் அது கூடுவதுமில்லை, கிடைக்காததால் குறைவதுமில்லை.

1968 ஜூன் 26 அன்று புனித ஆறாம் பவுல், பேதுருவின் எலும்புகள் ஏற்கத்தக்க விதத்தில் அடையாளம் காணப்பட்டுள்ளன என்று அறிவித்தார். ஆய்வும் விவாதமும் அத்துடன் முடிந்துவிடாது என்பதையும் அவரே சொன்னார். இதைத் திருஅவை விசுவாசக் கோட்பாடாக ஆக்கவில்லை. ஆகவே கேட்டவர்களுக்கு நாம் சொல்வது: இடம் பேதுருவின் கல்லறை என்பதற்கு வலுவான சான்று உண்டு, எலும்புகள் அவருடையவையாக இருக்கலாம், வணங்க விரும்புவோர் தயக்கமின்றி வணங்கலாம், ஐயப்படுவோர் மனக்கலக்கமின்றி ஐயப்படலாம்.

2013 நவம்பர் 24, நம்பிக்கை ஆண்டின் நிறைவுத் திருப்பலியில், திருத்தந்தை பிரான்சிஸ் அந்த எலும்புத் துண்டுகள் சில இருந்த வெண்கலப் பேழையைத் தம் கைகளில் ஏந்தி நின்றார். 2019 ஜூன் 29 அன்று அதே பேழையைக் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அவர் அமர்ந்திருப்பது, பேதுருவின் உடன்பிறந்தவரான அந்திரேயாவின் பெயரால் விளங்கும் இருக்கை.