டயரின் தேய்மானமும் வயதும்

பெங்களூரில் செப்டம்பர் மாத மாலைகளில் மழை மிகுதி. அம்மழையில் லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் சரிவில் இறங்கும் மோட்டார் காரைச் சாலையுடன் பிணைப்பது யாது? ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஏறத்தாழ உள்ளங்கையளவே படியும் ரப்பர்ப் பரப்புத்தான். அது நம்பத்தக்கதா என்று அறிய இரு சோதனைகள் உள்ளன. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவதே பலருடைய வழக்கம்.

முதற்சோதனை தேய்மானம் பற்றியது. டயரின் பள்ளங்கள் சாலைநீரை வாங்கி வெளியேற்றுகின்றன. பள்ளம் ஆழங்குன்றினால் நீர் அடியில் தங்கிச் சக்கரத்தைத் தூக்கும்; அப்போது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயன்படா. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார்களுக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது. பள்ளத்தின் அடியில் குறுக்காக அமைந்த சிறு மேடுகள் இவ்வளவைக் காட்டும். மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமாயின், டயரை மாற்றவேண்டும்.

இரண்டாவது, வயது பற்றியது. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, அதை உறுதியாக்கும் முறையைக் கண்டார். கந்தகம் ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை இணைக்கிறது. ஆனால் வெப்பமும் ஆக்ஸிஜனும் காலப்போக்கில் அவ்விணைப்புகளை மாற்றி ரப்பரை இறுகச் செய்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அதன் மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. இதைத் தடுக்கச் சேர்க்கப்படும் மெழுகு முதலியன, சக்கரம் ஓடி வளையும்போது மேற்பரப்புக்கு நன்கு வருகின்றன. ஆகவே, ஓடாது வெயிலில் நிற்கும் காரின் டயரும் முதுமை அடைகிறது. பள்ளம் ஆழமாயிருப்பதால் அது புதியதுபோல் தோன்றுவதே இதிலுள்ள அபாயம். ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

வயதை அறிவது எளிது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். "3219" என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். உபயோகத்துக்கு வந்து ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். செய்யப்பட்டுப் பத்தாண்டானதை, தேயாவிடினும் நீக்கவேண்டும். இது உற்பத்தியாளர் சிலரின் அறிவுரை. பக்கவாட்டில் வீக்கமோ ஆழ்ந்த வெடிப்போ காணின் அன்றே மாற்றுதல் நலம்.

ஆசிரியர்கள் ரப்பர் வளையம் ஒன்றை மரத்துண்டின்மேல் இழுத்து மாட்டி வெயிலிலும், மற்றொன்றை மூடிய பெட்டியிலும் சில வாரங்கள் வைத்து மாணவர்க்குக் காட்டலாம். கள அலுவலர்கள் தம் வண்டிக் குறிப்பேட்டில் ஐந்து டயர்களின் இலக்கங்களையும் இன்றே எழுதிவைப்பார்களாக.