மழைக்கு முன் ஒரு மேட்டுப்பாத்தி

ஐப்பசி மழையில் கொல்லைக் கத்தரியும் மிளகாயும் வாடி நிற்பதற்குப் பெரும்பாலும் வேரில் தேங்கும் தண்ணீர்தான் காரணம். நீர் நிரம்பிய மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி இதற்குத்தான். உயரம் ஒன்றரை அடி போதும். அகலம் நான்கடிக்கு மேல் வேண்டாம். இருபுறமிருந்தும் கை எட்டினால் பாத்தியை மிதிக்க வேண்டியிருக்காது. மழை குறைந்த மேட்டாங்காட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், மேடு கோடையில் காய்ந்துபோகும். அங்கே பள்ளப்பாத்திதான் சரி.

ஜெர்மனியில் மரக்கட்டைகளைப் புதைத்து மேடு கட்டுவார்கள். குளிரில் கட்டை மெல்ல மக்கி, பல ஆண்டுகள் ஈரம் காக்கும். தென்னை உள்ள ஊரில் கட்டைதானே என்று தென்னந்துண்டைப் புதைத்தால் வம்பு. மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதிலேயே வளர்ந்து, வண்டானதும் பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். எருக்குழியிலும் இந்தப் புழு இருக்கும். எருவைக் கிளறி, கண்ணில் பட்டதைக் கோழிக்குப் போடுங்கள்.

கட்டைக்குப் பதில் தேங்காய் மட்டை இருக்கிறதே! அரை அடி மண்ணை வெட்டி ஓரமாகக் குவித்துவிட்டு, மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். தென்னந்தோப்பில் ஈரம் காக்க மட்டை புதைக்கிறவர்களும் இப்படித்தான் வைப்பார்கள். ஒவ்வொன்றும் கிண்ணம்போல் நீரைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் நறுக்கிய வாழைமரம், சருகு, வைக்கோல்.

சருகோடு நிறுத்திவிட்டால் செடி வெளுத்துப்போகும். சருகில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. ஆகவே சருகுக்கு இடையிடையே பச்சைத் தழை வேண்டும். அகத்தி, கொளுஞ்சி, கிளைரிசிடியா எதுவும் ஆகும். வேலியில் கிளைரிசிடியா நிற்கிறதென்றால் தழைக்கு வெளியே அலையவே வேண்டாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

மேலே, வெட்டி வைத்த மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து அரை அடிக்கு மூடி, நன்றாக நனையுங்கள். உள்ளே காய்ந்து கிடந்தால் கறையான் வரும். பச்சைத் தழை மக்கும்போது மேடு சூடாகும். உடனே நாற்று நட்டால் வேர் வெந்துவிடும். மூன்று நான்கு வாரம் ஆறவிடுங்கள். நட்டபின் வெற்று மண் தெரியாதபடி சருகு மூடாக்குப் போடுங்கள், பெருமழை மண்ணைக் கரைக்காது.

ஆடிக் கடைசியில் வேலையைத் தொடங்கினால் மழைக்குள் செடி வேர்பிடித்துவிடும். ஓராண்டில் மேடு நன்றாகத் தாழ்ந்திருக்கும். அடியைத் தோண்டாமல், மேலே தழையும் மண்ணும் போட்டு உயர்த்தினால் போதும்.