உங்களுக்குத் தெரியுமா? கத்திப் பட்டறை ஸ்பெஷல்

● கத்தி செய்ய பெல்ட் கிரைண்டர் வாங்கப்போகிறவர் முதலில் விலை விசாரிக்க வேண்டியது மெஷினுக்கு அல்ல, பெல்ட்டுக்கு. மெஷின் ஒருமுறைச் செலவு. எமரி பெல்ட் மளிகைச் சாமான் மாதிரி, தீரத் தீர வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். சின்ன 1×30 அங்குல மெஷினின் பெல்ட்டில் இருப்பது 30 சதுர அங்குலம் எமரிதான். கத்திக்காரர்களுக்குப் பழகிப்போன 2×72 அளவில் 144 சதுர அங்குலம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பரப்பு கூடும்போது சூடு குறையும், பெல்ட் நாள்படும். சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் மீன் அரியும் கத்தியைக் கூர்தீட்ட மட்டும் என்றால் 1×30 தாராளம். வெறும் இரும்புப் பட்டையிலிருந்து கத்தியை உருவாக்க அது பத்தாது.

● அமெரிக்க வீடியோவைப் பார்த்து அப்படியே மெஷின் கட்டினால் நம் ஊரில் அது மெதுவாகத்தான் ஓடும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அங்கே 1,725 சுற்று சுற்றும் நாலு போல் மோட்டார் இங்கே 1,440 சுற்றோடு நின்றுவிடும். 4 அங்குல டிரைவ் வீலைப் போட்டால் பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,500 அடி ஓடும். 6 அங்குல வீல் என்றால் 2,260 அடி. கைதேர்ந்தவர்கள் முரட்டு வேலைக்கு 3,000 அடிக்கு மேல் கேட்பார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு 1,500 தப்பில்லை. அவசரத்தில் இரும்பைத் தின்றுவிடாது. பிறகு வேகம் வேண்டுமென்றால் லேத் பட்டறையில் பெரிய அலுமினிய வீல் ஒன்று கடைந்து வாங்கினால் போதும். மோட்டாரை மாற்றத் தேவையில்லை.

● வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. பெட்டி, வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்கு த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும். ஆனால் அந்த மோட்டார் 230 வோல்ட் டெல்டா இணைப்பில் ஓடக்கூடியதா என்று பெயர்த்தகட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரும்புத்தூள் உள்ளே போனால் பெட்டி காலி, அதனால் அதை மூடிய டப்பாவுக்குள் வைப்பது நல்லது. பணம் இழுபறியாக இருந்தால் இதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம். பெல்ட்டைத் தள்ளிப்போட முடியாது.

● பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மோட்டார் கண்ணில் படும். விலை ஆசை காட்டும். பெயர்த்தகடு இல்லாத மோட்டார் என்றால் பேரமே பேசாமல் நகர்ந்துவிடுங்கள். தகடு இருந்தால் ஐ.பி. 55 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முதல் 5 தூசுக்கு, இரண்டாவது 5 தண்ணீருக்கு. பக்கவாட்டில் காற்று ஓட்டை வைத்த மோட்டார் இரும்புத்தூளை உள்ளே இழுத்துக்கொண்டு சீக்கிரம் எரியும்.

● கோவளத்தில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முகத்துவாரம், கேளம்பாக்கம் பக்கம் போனால் உப்பளம். கார்பன் ஸ்டீல் கத்தியை ஈரத்தோடு விட்டால் விடிவதற்குள் துரு பூத்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். அதையும் உப்பு மெல்லக் குத்திக் குழி பறிக்கும். இதற்கும் கிரைண்டருக்கும் என்ன தொடர்பு? 60-ஆம் நம்பர் எமரி விட்டுப்போகும் கீறல்களில்தான் உப்பும் ஈரமும் தங்கும். பரப்பு எவ்வளவு வழவழப்போ, துரு அவ்வளவு தாமதம். கடலைவிட்டுத் தள்ளி இருப்பவர் 120-ல் நிறுத்திக்கொள்ளலாம்; கடலோரக்காரர் 220, 400 என்று போயே ஆகவேண்டும். பட்ஜெட்டில் அந்த இரண்டு பெல்ட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

● பெல்ட்டின் முதுகில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் ஓடவேண்டும். திருப்பிப் போட்டால் ஒட்டு பிய்ந்து முகத்தில் அடிக்கும்.

● எமரிக்காக வெளிநாட்டு பார்சலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் தொடங்கியது சென்னையில்தான். திருவொற்றியூரில் அதன் ஆலை. நீளம் சொன்னால் பெல்ட் ஒட்டிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. எனவே 72 அங்குலத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். வாங்கப்போகும் மெஷினின் நீளத்துக்குப் பெல்ட் கிடைக்கிறதா என்று ஒரு ஃபோன் போட்டுக் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

● மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். நம் தென்னிந்திய உருக்கை, ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்ததை, 1819 வாக்கில் ஆராய்ந்தார். கூட வேலை செய்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டனில் கத்தி செய்து விற்றவர். எதைக் கலந்தால் இப்படி ஓர் எஃகு வரும் என்று இருவரும் உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். 1821-ல் அதே ஃபாரடே மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுற்ற வைத்தார். இன்று பெல்ட்டை இழுக்கும் மோட்டாருக்கு மூதாதை அது. அவர் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த உருக்கு ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவலூரிலும் மூசையில் காய்ச்சப்பட்டதற்குத் தடயங்கள் உண்டு.

● கத்தியின் வாய் நீலமாக மாறிவிட்டதா? சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வைக்கோல் நிறம் 220-ஐ ஒட்டி வரும். பதம் வைத்த எஃகு நீலம் பாய்ந்தால் மென்மையாகிவிடும். தேய்த்து நிறத்தைப் போக்கலாம், பதத்தைத் திரும்ப வாங்க முடியாது. கையுறை போடாமல் விரலாலேயே சூடு பாருங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். பெரும்பகுதிச் செதுக்கலைப் பதம் வைப்பதற்கு முன்பே முடித்துவிட்டால் பெல்ட்டும் மிச்சம்.

● புதுப்பேட்டையில் கிடைக்கும் லாரி ஸ்பிரிங் பட்டை கொல்லர்களுக்குப் பிடித்த சரக்கு. மலிவு, பதமும் நன்றாக ஏறும். ஆனால் வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த பட்டையில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கலாம். முதல் ஐந்தாறு கத்திக்கு, என் கணக்கில், புதுப் பட்டையே சிக்கனம்.

● மரக் கைப்பிடியையும் எஃகையும் அதே மெஷினில் தேய்க்கிறவர்கள் ஜாக்கிரதை. மரத்தூள் குவிந்த இடத்தில் எஃகுப் பொறி விழுந்தால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். கீழே தண்ணீர் வாளி வையுங்கள், முகத்தில் என்-95 மாட்டுங்கள்.

● ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே 10 அங்குல மீன் கத்தி செய்து பழகலாம். அதே நீளத்தில் குத்துவாள் கேட்டு வருகிறவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.